8 லிட்டர் என்ஜினா, 3 லிட்டரும் ஒரு நல்ல வாலுமா? 1930கள்ல காருக்கு வேகம் ஏத்த எந்த வழி லாபம்

1930ல இங்கிலாந்துல பென்ட்லி கம்பெனி 8 லிட்டர்னே பேர் வச்சு ஒரு கார் விட்டாங்க. எவ்ளோ பெரிய சலூன் பாடி கட்டுனாலும் மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ., போயே ஆகணும்ங்கறது தான் அதோட நோக்கம், போகவும் செஞ்சுது. ஆறேழு வருஷம் கழிச்சு செக்கோஸ்லோவாக்கியாவுல இருந்து டாட்ரா 87 வருது, அதுவும் ஏறக்குறைய அதே 160. ஆனா அதுல இருந்த என்ஜின் 3 லிட்டர் கூட முழுசா இல்ல, பவர் வெறும் 75 ஹெச்பி. பென்ட்லில அதைப்போல ரெண்டரை மடங்குக்கு மேல பவர். நடுவுல இருந்த வித்தியாசத்தை எல்லாம் காத்து தான் தின்னுட்டு இருந்துச்சு.

அப்போ எல்லாரும் ஏன் டாட்ரா மாதிரி பண்ணல, ஏன் பத்துல ஒன்பது கம்பெனி பெரிய என்ஜின் பக்கமே போனாங்கன்னு ஒரு கேள்வி வரும். அவங்க எல்லாம் முட்டாள்கன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி, ஆனா அப்படி இல்ல. அதனால ஒரு கற்பனை வச்சுக்கலாம். வருஷம் 1934, நீங்க ஒரு சின்ன கார் கம்பெனி நடத்துறீங்க, கையில 75 ஹெச்பி என்ஜின் ஒண்ணு இருக்கு, கார் எடை 1400 கிலோ, பாடி அந்தக் காலத்து வழக்கப்படி பெட்டி மேல பெட்டி, நட்டுக்க நிக்கிற கண்ணாடி, தனியா தூக்கி வச்ச ஹெட்லைட், பக்கத்துல ஃபுட்போர்டு. இது 130ஐ தொடுறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். போட்டிக் கம்பெனிக்காரன் 140, 150ன்னு விளம்பரம் போடுறான். உங்ககிட்ட இருக்குற வழிகள் என்னென்ன, எதுல காசைப் போடலாம்?

முதல்ல கணக்கு, ஏன்னா இது இல்லாம மத்தது எதுவும் புரியாது. காத்து காரைப் பின்னாடி தள்ளுற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதை ஜெயிக்கத் தேவைப்படுற பவர் வேகத்தோட கனத்துல, அதாவது வேகத்தை மூணு தடவை பெருக்குன கணக்குல ஏறும். வேகம் ரெண்டு மடங்குன்னா பவர் எட்டு மடங்கு, அவ்ளோ தான். எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சவனுக்கு இதை சொல்லியே தரவேண்டாம். அந்த விசையை முடிவு பண்றது ரெண்டே விஷயம்: முன்னாடி இருந்து பாத்தா கார் எவ்ளோ பெருசா தெரியுதுங்கற பரப்பு, அப்புறம் ஷேப் எவ்ளோ வழுக்கலா இருக்குங்கறதுக்கு ஒரு நம்பர், அதை இங்க டிராக் நம்பர்னே சொல்லிக்கலாம். அந்தக் காலத்துப் பெட்டிக் காருக்கு 0.7ன்னு வச்சுப்போம், நல்லா வழிச்சு விட்ட டாட்ரா 87ஐ 1979ல ஃபோக்ஸ்வாகனோட விண்ட் டனல்ல, அதாவது காத்தை வேகமா அடிச்சு ஷேப்பை சோதிக்கிற கூடத்துல, வச்சு அளந்தப்போ 0.36 வந்துச்சு. முன்பக்கப் பரப்பு ரெண்டுக்கும் 2.2 சதுர மீட்டர்னு எடுத்துட்டு நானே போட்டுப் பாத்த கணக்கு இது.

40 கி.மீ. வேகத்துல பெட்டிக் காருக்கு காத்தை ஜெயிக்க 1.7 ஹெச்பி போதும், வழுக்கல் காருக்கு 0.9. டயர் உருளுறதுக்கே 3 ஹெச்பி போகுது, அப்போ ஷேப்பை மாத்தி மிச்சம் பிடிச்சது ஒரு ஹெச்பி கூட இல்ல, யாருக்கும் தெரியவே தெரியாது. 100ல போனா 27க்கு 14. 130ல 59க்கு 30. 160ல 110க்கு 57. அதாவது 160ல நீங்க ஷேப்பை மட்டும் மாத்துனாலே 50 ஹெச்பிக்கு மேல ஓசியில கெடைச்ச மாதிரி, அந்தக் காலத்துல 50 ஹெச்பிங்கறது ஒரு முழு காரோட என்ஜின். நல்ல ரோட்டுல காத்தும் டயரும் சரிசமமா இழுக்கிற இடம் இந்தப் பெட்டிக் காருக்கு 54 கி.மீ. பக்கத்துல வருது, கரடுமுரடான ரோடுன்னா அது 60ஐத் தாண்டிடும். இந்த ஒரு நம்பரை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா 1934ல உலகத்துல பாதி ரோட்டுல 60 போறதே வீரதீரம். ஸ்ட்ரீம்லைன், அதாவது காத்து வழுக்கிட்டுப் போற ஷேப், பலன் தர ஆரம்பிக்கிறது அதுக்கு மேல தான்.

இனி வழிகள். எடையைக் குறைக்கிறதை முதல்ல தள்ளி வச்சுடலாம். 200 கிலோ குறைச்சீங்கன்னா, அது அந்தக் காலத்துல லேசான வேலை இல்ல, 130ல உங்களுக்கு மிச்சமாகுறது ஒன்றரை ஹெச்பி கூட வராது. வேகம் பிடிக்கும், மேடு ஏறும், டயர் தேயாது, பிரேக் நல்லா பிடிக்கும், எல்லாம் உண்மை தான், வேய்மன் முறையில துணி போத்துன பாடிங்க எல்லாம் 1920கள்ல அதுக்காகவே பிரபலமாச்சு, சத்தமும் கம்மி. ஆனா டாப் ஸ்பீடுன்னு கேட்டா இது பதில் இல்ல.

பெரிய என்ஜின் வழி. நம்ம பெட்டிக் காரையே 160க்குத் தள்ளணும்னா சக்கரத்துல 120 ஹெச்பிக்கு மேல வேணும், கியர்பாக்ஸ்ல போற நஷ்டத்தைச் சேத்தா என்ஜின்ல 135. இது காகிதத்துல. நிஜத்துல என்ன ஆகும்னா என்ஜின் பெருசானா கனம் ஏறும், கனம் ஏறுனா சேஸிஸ் தடிக்கணும், பிரேக் பெருசாகணும், ரேடியேட்டர் பெருசாகணும், ரேடியேட்டர் பெருசானா முன்பக்கப் பரப்பும் பெருசு, திரும்பவும் காத்து. அப்படியே சுத்தி சுத்தி வந்து தான் பென்ட்லி 8 லிட்டர் ரெண்டரை டன் பக்கம் போய் நின்னுச்சு. 1936ல வந்த மெர்சிடிஸ் 540கேவும் இதே ரகம் தான், 5.4 லிட்டர், காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளுற சூப்பர்சார்ஜர் போட்டு 180 ஹெச்பி, ரெண்டு டன்னுக்கு மேல எடை, 170 போகும், பெட்ரோல் 100 கி.மீ.க்கு 25 லிட்டருக்கு மேல குடிக்கும். டாட்ரா 87 குடிச்சது 12 லிட்டர் சொச்சம்.

ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கு. இதுல புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ஃபேக்டரில இருக்குற ஆளுக்கு என்ஜினைப் பெருசாக்கத் தெரியும், பாடி கட்டுற ஆளுக்கு மரச்சட்டமும் தகடும் தெரியும், வாங்குற பணக்காரனுக்கு நீளமான பானெட்னா உயிர். அமெரிக்காவுல பெட்ரோலும் மலிவு. கோளாறு வந்தா எந்த மெக்கானிக்கும் பாப்பான். இங்கிலாந்துல தான் இடிச்சுது, அங்க 1921ல இருந்து சிலிண்டர் அகலத்தை வச்சுப் போடுற ஒரு விசித்திரக் கணக்குல ஹெச்பிக்கு ஒரு பவுண்டு ரோடு வரி, என்ஜின் பெருசானா வருஷா வருஷம் அழணும். பென்ட்லி அந்த 8 லிட்டர் காரை மொத்தமே 100 தான் கட்டுனாங்க, 1931லயே கம்பெனி திவாலாகி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போயிடுச்சு. பொருளாதார மந்தம் தான் முக்கியக் காரணம், சரி, ஆனா மந்தம் வந்தப்போ கடைல வச்சிருந்த சரக்கு 8 லிட்டர்னா என்ன ஆகும்.

அடுத்தது குள்ளமாக்குற வழி. இதைப் பத்தி யாரும் பெருசா பேசுறது இல்ல, எனக்கு என்னவோ இது தான் ரொம்ப புத்திசாலித்தனமான வழின்னு தோணும். டிராக் நம்பரோட பெருக்கிக்கிறது பரப்பு தானே, அதைக் குறைச்சாலும் அதே லாபம். 1934ல சிட்ரோயன் டிராக்ஸியோன் அவான் வந்துச்சு, முன்சக்கரத்தை ஓட்டுற கார், அதனால தரைக்குக் கீழ சுத்துற நீள ஷாஃப்ட் கெடையாது, தனி சேஸிஸும் கெடையாது, தரையையே இறக்கிட்டான். பக்கத்துல நின்ன மத்த கார் எல்லாம் ஒட்டகம் மாதிரி தெரிஞ்சுது. ஃபுட்போர்டே தேவைப்படல. ஷேப் பெருசா வழுக்கல் இல்ல, ஆனா குள்ளம், ரோட்டுல ஒட்டிட்டுப் போகும். விலை என்னன்னா அந்தக் காரை உருவாக்குன செலவுலயே சிட்ரோயன் கம்பெனி 1934 டிசம்பர்ல திவால், மிஷலின் டயர்காரங்க எடுத்துக்கிட்டாங்க. கார் என்னவோ 1957 வரைக்கும் ஓடுச்சு.

இப்போ விஷயத்துக்கு வருவோம், ஷேப்பை மாத்துறது. இதுல முதல் ஆளுன்னு 1899ல பாரிஸ் பக்கத்துல அஷேர்ல 105.88 கி.மீ. போய் முதல் முதலா 100ஐத் தாண்டுன கமில் ஜெனாட்ஸியோட எலெக்ட்ரிக் காரைச் சொல்வாங்க. டார்பிடோ மாதிரி அழகான உடம்பு. ஆனா சக்கரம், சேஸிஸ் எல்லாம் வெளிய, ஓட்டுற மனுஷன் இடுப்புக்கு மேல மொத்தமும் வெளிய, குதிரை மேல உக்காந்த மாதிரி. காத்துக்கு அந்த டார்பிடோவால என்ன புண்ணியம்னு தெரியல. உருப்படியான சாட்சி 1914ல வந்த ஆல்ஃபா 40/60, கவுண்ட் ரிக்கோட்டிங்கற பணக்காரருக்காக மிலான்ல காஸ்தாஞ்யா பாடி கட்டுற கம்பெனி கட்டுனது, அலுமினியத்துல பெரிய நீர்த்துளி, கப்பல் மாதிரி வட்ட ஜன்னல். சாதா பாடில 125 போன கார் இதுல 139 போச்சு. 14 கி.மீ. தானேன்னு நெனைக்காதீங்க, பழைய பாடியிலயே 139ஐ தொடணும்னா காத்துக் கணக்குப்படி மூணுல ஒரு பங்குக்கு மேல அதிக பவர் வேணும். தகடு மடக்குன செலவுல அவ்ளோ பவர்.

இதை வியாபாரமா செய்யப் பாத்தவர் எட்மண்ட் ரும்ப்ளர், விமானம் கட்டிட்டு இருந்தவர், முதல் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனியில விமானம் கட்டத் தடை வந்ததும் 1921 பெர்லின் கண்காட்சில நீர்த்துளிக் காரைக் கொண்டுவந்து நிறுத்துனார். அந்தக் காரோட டிராக் நம்பர் 0.28. திரும்பப் படிங்க, 0.28. இதையும் 1979ல ஃபோக்ஸ்வாகன் டனல்ல தான் அளந்தாங்க, அளந்த ஆளுங்களே அசந்துபோற அளவுக்கு நம்பர், இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற நிறைய எஸ்யூவிங்களுக்கு இது எட்டாக்கனி. என்ஜின் பின்னாடி, டிரைவர் முன்னாடி நடுவுல தனியா, மேல இருந்து பாத்தா சுத்தமான நீர்த்துளி, பக்கவாட்டுல பாத்தா சுவர் மாதிரி நெட்டுக்குத்து. அங்க தான் ஒரு சிக்கல், கார் ரொம்ப உயரம், அதனால டிராக் நம்பர்ல சம்பாதிச்சதுல கொஞ்சத்தைப் பரப்புல விட்டுட்டார். ஆறு சிலிண்டர், 36 ஹெச்பிய வச்சுக்கிட்டு 110 கி.மீ. பக்கம் போச்சு.

ஆனா 1921ல ஜெர்மன் ரோட்டுல 110 எங்க போறது? அதுல வர்ற வேற தலைவலிகள் மட்டும் தினமும் தெரிஞ்சுது. என்ஜின் சூடாகும், ஸ்டியரிங் சரியில்ல, பெட்டி வைக்க இடமில்ல, பாக்க வேற விநோதமா இருக்கும். சுமார் 100 கார் தான் கட்டுனாங்க. பென்ஸ் கம்பெனி லைசென்ஸ் வாங்கி 1923ல ஒரு ரேஸ் கார் செஞ்சு மோன்ஸா கிராண்ட் பிரில 4வது, 5வது இடம் பிடிச்சுது, அதோட சரி. சரியான பதிலை பத்து வருஷம் முன்னாடியே எழுதி வச்ச மனுஷன் ரும்ப்ளர், கேள்வி அப்போ இன்னும் வரல.

அடுத்து பால் ஜாரே. வியன்னாவுல பொறந்தவர், ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன்ல செப்பலின் ஆகாயக் கப்பல் கம்பெனில வேலை பாத்தவர், அங்க இருந்த விண்ட் டனல்ல கார் மாடல்களை வச்சுப் பாத்தார். அவர் பிடிச்ச முக்கியமான பாயிண்ட், ஆகாயத்துல பறக்குற நீர்த்துளி ஷேப்பை அப்படியே கொண்டுவந்து ரோட்டுக்குப் பக்கத்துல வச்சா அது அதே மாதிரி வேலை செய்யாதுங்கறது, ஏன்னா கீழ தரை இருக்கு, காத்து கீழ சமமா ஓடாது. அதனால கீழ அகலமா பாதி நீர்த்துளி, அது மேல குறுகலா இன்னொரு நீர்த்துளிய கவுத்து வச்ச மாதிரி கண்ணாடிக் கூடு. இன்னைக்கு நாம காருன்னு படம் வரைஞ்சா வர்ற ஷேப்போட அப்பன் அது தான். 1921ல ஜெர்மனில பேட்டண்ட்டுக்குப் போட்டார், லே, டிக்ஸி, ஆடி கம்பெனிகளோட சேஸிஸ்ல சாம்பிள் வண்டிகளும் கட்டுனாங்க, ஆனா பழைய உயரமான சேஸிஸ் மேல இந்த பாடிய ஏத்துனதால பாக்க ரொம்ப அசிங்கமா இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல. யாரும் வாங்கல.

அதை முழுசா நம்பி இறங்குனது டாட்ரா. அவங்க இன்ஜினியருங்க ஹான்ஸ் லெட்விங்காவும் எரிக் யூபலாக்கரும் 1934ல டாட்ரா 77ஐக் கொண்டுவந்தாங்க, 3 லிட்டர் வி8, காத்தாலயே குளிரூட்டுற என்ஜின், அதைப் பின்னாடி வச்சாச்சு. ஏன் பின்னாடின்னா ஷேப்புக்கு அது தான் வசதி: முன்னாடி ரேடியேட்டர் ஓட்டையே வேண்டாம், மூக்கை உருட்டிடலாம், நீளமா சரியுற வால் சும்மா தானே கெடக்குது, அதுல என்ஜினைப் போட்டுடலாம், ஷாஃப்ட் இல்லாததால தரையும் இறங்கும். ஒவ்வொரு முடிவும் அடுத்த முடிவுக்குக் கைகொடுக்குது பாருங்க, பெரிய என்ஜின் வழில ஒவ்வொரு முடிவும் அடுத்த முடிவைக் கெடுத்துச்சு, இங்க அப்படியே தலைகீழ். 60 ஹெச்பில 140ஐத் தாண்டுச்சு. 77க்கு 0.212ன்னு ஒரு நம்பர் இன்னமும் சுத்திட்டு இருக்கு, அது ஐந்துல ஒரு பங்கு சின்ன மாடல்ல அளந்தது, அதை நம்பி முடிவெடுக்காதீங்க. மாடல்ல கதவு இடுக்கு கெடையாது, காத்து உள்ள போற வழி கெடையாது, அடில தொங்குற சாமான் கெடையாது. 87க்கும் மாடல்ல 0.244 வந்துச்சு, நிஜக் கார்ல 0.36. அதனால விண்ட் டனல் ஆள் நீட்டுற காகிதத்துல என்ன நம்பர் இருந்தாலும் அதோட பாதியை மேல சேத்துக்கிட்டு பட்ஜெட் போடுங்க.

டாட்ரா வழியோட செலவு என்ன? என்ஜின் கனம் எல்லாம் வாலுல தொங்குது, பின் சக்கரம் ரெண்டும் ஆடுற ஆக்ஸில்ல, வளைவுல வேகமா போய் திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா பின்பக்கம் முன்னாடி வரப் பாக்கும். பக்கக் காத்து அடிச்சாலும் இந்த மாதிரி உருண்ட மூக்கு வண்டிங்க பாதை மாறும், முதுகுல அந்த மீன் துடுப்பு மாதிரி தகடு வச்சது ஸ்டைலுக்கு மட்டும் இல்ல, வாலை நேரா வைக்கவும் தான். பின்னாடி பாக்க கண்ணாடியே சரியா கெடையாது, காத்து போற பிளவு வழியா எட்டிப் பாக்கணும். விலையும் அதிகம், 87 மொத்தமா 3,000 சொச்சம் தான் செஞ்சாங்க. ஆனா உழைக்காதுன்னு சொல்ல முடியாது, ஹன்செல்கா, சிக்முண்டுன்னு ரெண்டு செக் நாட்டுப் பயணிங்க 1947ல ஒரு 87ல கெளம்பி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கான்னு சுத்திட்டு 1950ல தான் ஊர் திரும்புனாங்க.

அமெரிக்காக்காரன் கதை வேற, கம்பெனி நடத்துறவங்க ரெண்டு தடவை படிக்க வேண்டிய கதை. கிரைஸ்லர்ல கார்ல ப்ரீர்னு ஒரு இன்ஜினியர், தூரத்துல வாத்துக் கூட்டம் பறக்குதுன்னு நெனச்சுப் பாத்தா அது ராணுவ விமானங்களாம், அங்க தான் பொறி தட்டுச்சுன்னு அவரே சொன்ன கதை. ஆர்வில் ரைட்கிட்டயே ஆலோசனை கேட்டு, சொந்தமா விண்ட் டனல் கட்டி, அப்போ ஓடுன காருங்களோட மாடலை உள்ள வச்சுப் பாத்தா ஒரு வேடிக்கை தெரிஞ்சுது: கார் முன்னாடி போறத விட பின்னாடி போனா காத்து கம்மியா இழுக்குது. கிரைஸ்லரோட இன்னொரு பிராண்டான டிசோட்டோ கார் ஒண்ணோட பாடியைத் திருப்பி மாட்டி ரோட்டுலயே ஓட்டிக் காட்டுனாங்க.

அப்படி 1934ல வந்தது ஏர்ஃப்ளோ. என்ஜின் முன்னாடியே தான், ஆனா அதை முன் ஆக்ஸில் மேல தள்ளிட்டாங்க, அதனால பின் சீட் பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி வந்துடுச்சு, குலுக்கல் பாதியா கொறைஞ்ச மாதிரி சுகம். பாடியும் சட்டமும் சேந்த எஃகுக் கூடு, விளம்பரத்துக்காக 110 அடி மலை மேல இருந்து உருட்டி விட்டு அப்புறம் ஓட்டிட்டுப் போனாங்க. காரா பாத்தா அந்தக் காலத்துல அதை மிஞ்ச ஆள் கம்மி. ஆனா விக்கல. அதே வருஷம் பழைய ஷேப்புல வந்த கிரைஸ்லர் சிக்ஸ் ஏர்ஃப்ளோவ விட ரெண்டு மடங்குக்கு மேல வித்துச்சு, டிசோட்டோ டீலருங்க பாவம், அவங்களுக்கு ஏர்ஃப்ளோவத் தவிர வேற மாடலே குடுக்கல. ஏன் விக்கலன்னா கண்காட்சில காட்டிட்டு மாசக்கணக்குல வண்டி குடுக்கல, முதல்ல வந்த வண்டிங்கள்ல கோளாறு, அதுக்குள்ள எதிராளி வதந்தியை ஓட்டிட்டான். எல்லாத்துக்கும் மேல அந்த மொட்டை மூஞ்சி. பானெட்டும் கிரில்லும் நெத்தியும் ஒரே வழியலா இருந்ததை ஜனங்க ஏத்துக்கல. 1935லயே முன்னாடி ஒரு கூரான கிரில்லை ஒட்ட வச்சாங்க, காத்துக்காகக் கட்டுன காருக்கு கண்ணுக்காக மூக்கு. 1937ல மூடிட்டாங்க. கம்பெனி பொழைச்சது பிளிமத் பேர்ல மலிவு கார் வித்துட்டு இருந்ததால, அந்த பிளிமத்துக்கு ஏர்ஃப்ளோ ஷேப் குடுக்காம விட்ட புண்ணியவான் யாரோ. டொயோடாவோட முதல் கார், 1936ல வந்த ஏஏ, இந்த ஏர்ஃப்ளோ ஜாடை தான்.

இதுக்கு நேர் எதிர்ல 1936ல லிங்கன் செஃபிர். டிசைனர் ஜான் ஜார்டாவோட ஒரிஜினல் ஐடியாவுல என்ஜின் பின்னாடி, மூஞ்சி மொட்டை. ஃபோர்டு கம்பெனி ஆளுங்க அதைப் பாத்துட்டு என்ஜினை முன்னாடி கொண்டுவந்து, படகு மாதிரி கூரான அழகான மூக்கு வச்சாங்க, பின்பக்கச் சரிவை அப்படியே விட்டாங்க. முதல் வருஷமே 15,000 பக்கம் வித்துச்சு. காத்துக்கு மூக்கு எப்படி இருந்தாலும் ஓரளவு சமாளிச்சுக்கும், மூலைய மட்டும் உருட்டுனா போதும், சண்டையே வாலுல தான், பின்னாடி காத்து பிச்சுக்கிட்டு சுழிக்கிற இடத்துல தான் பாதிக்கு மேல நஷ்டம். ஆனா ஜனங்க பாக்குறது மூக்கை. செஃபிர் ரெண்டு பேரையும் திருப்திப்படுத்துச்சு.

வால் பிரச்சனைக்கு சரியான தீர்வு 1930கள் கடைசில ஸ்டுட்கார்ட்ல பேராசிரியரா இருந்த வூனிபால்ட் காம் கிட்ட இருந்து வந்துச்சு. ஜாரே சொன்ன மாதிரி வாலைக் கூராக்கிட்டே போனா கார் ரயில் பெட்டி நீளம் ஆகும், இல்ல சட்டுன்னு சரிச்சா காத்து ஒட்டாம பிச்சுக்கும். காம் சொன்னது, மெதுவா சரிச்சுட்டே போ, குறுக்குவெட்டு பாதி ஆன இடத்துல கத்தியால வெட்டுன மாதிரி வெட்டிடு, காத்து கிட்டத்தட்ட முழு வால் இருக்குற மாதிரியே நடந்துக்கும். நீளம் மிச்சம், பின் சீட்ல தலை இடிக்காது, டிக்கிக்கு இடம். 1940ல இத்தாலியில நடந்த மில்லே மிலியா ரேஸுக்கு பிஎம்டபிள்யூ 328ல காம் வழியில ஒரு மூடுன கார் கட்டி இறக்குனாங்க, ஆனா ஜெயிச்சது டூரிங் கம்பெனி பாடி போட்ட இன்னொரு 328, 2 லிட்டர் என்ஜின், சராசரி வேகம் 166 கி.மீ.க்கு மேல. பத்து வருஷம் முன்னாடி பென்ட்லிக்கு டாப் ஸ்பீடே 160 தான். ஆனா 1934ல முடிவெடுக்குற உங்களுக்கு இது கெடைக்காது, நாலஞ்சு வருஷம் பொறுக்கணும்.

சரி, நான் அந்த நாற்காலில இருந்தா? முழு ஸ்ட்ரீம்லைனுக்குப் போகமாட்டேன், பாதிக்குப் போவேன். கணக்கு இதோ: டிராக் நம்பரை 0.7ல இருந்து 0.36க்கு இறக்குனா என் 75 ஹெச்பி கார் 128ல இருந்து 160 பக்கம் போகுது. 0.48க்கு மட்டும் இறக்குனா, பின்னாடி வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நம்பர் அது, 143, 144 வருது. பாதி லாபம் கைக்கு வந்தாச்சு. இந்தப் பாதிக்கு என்ஜினை எங்கயும் நகத்த வேண்டாம், ஹெட்லைட்டை மட்கார்டுக்குள்ள புதைக்கணும், கண்ணாடியச் சாய்க்கணும், ஃபுட்போர்டைத் தூக்கணும், கூரைய பின்னாடி வரைக்கும் ஒரே கோடா இறக்கணும், அடில ஒரு தகடு, முடிஞ்சா தரையக் கொஞ்சம் இறக்கணும். பெஜோ 402 1935ல ஏறக்குறைய இதைத் தான் செஞ்சுது, ஹெட்லைட்டை கிரில்லுக்குப் பின்னாடியே ஒளிச்சு வச்சான், ஜனங்க வாங்கவும் செஞ்சாங்க. மூக்கை மட்டும் அழகா விட்டுடணும், அதுல கஞ்சத்தனம் கூடாது.

மீதி பாதிக்கு ஆசைப்படலாமா வேண்டாமாங்கறது உங்க ஆளு எந்த ரோட்டுல ஓட்டப்போறான்ங்கறதைப் பொறுத்தது. ஜெர்மனில 1935 மே மாசம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் நடுவுல ஆட்டோபான் தொறந்தாச்சு, அங்க மணிக்கணக்கா ஒரே வேகத்துல ஓட்டலாம், ஓட்டுனா சாதா காரோட என்ஜின் பேரிங் உருகிப் போகுது, ஏன்னா 110 போகவே அது முழு மூச்சுல ஓட வேண்டியிருக்கு. வழுக்கல் கார் அதே 110ஐ பாதி மூச்சுல போகும், என்ஜின் பொழைக்கும். என்னைக் கேட்டா டாப் ஸ்பீடை விட பெரிய லாபம் இது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் உங்களுக்கு இருந்தா டாட்ரா வழிக்குப் போங்க, ஆனா வாலுல கனம் ஏத்தாம போகமுடியுமான்னு பாருங்க. பிரெஞ்சு கிராமத்து ரோட்டு டாக்டருக்கு விக்கிறீங்கன்னா சிட்ரோயன் மாதிரி குள்ளமாக்குங்க, அவருக்கு வளைவு தான் முக்கியம். மகாராஜாக்களுக்கும் பேங்க் முதலாளிகளுக்கும் விக்கிறதுன்னா பேசாம 8 லிட்டர் போடுங்க, அவங்க காசு குடுக்கிறதே பானெட் நீளத்துக்கு. ஊருக்குள்ள மட்டும் ஓடுற வண்டின்னா டிராக் நம்பரைப் பத்தி ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க. ரும்ப்ளர் கார்ல கூட கொஞ்சம் பெர்லின்ல டாக்ஸியா தான் ஓடுச்சு, அங்க யாருக்கும் அந்த 0.28 தேவைப்படல, உள்ள கால் நீட்ட இடம் நிறைய, தரை தாழ்வு, ஏறி எறங்க சுலபம், அதுக்காக ஓடுச்சு.